நடைவழி யாருக்கு உரியது?

ஆறு என்னும் சொல் தமிழில் மூன்று பொருள் தரும். நீர் ஓடும் தடம் ஆறு. மக்கள் நடக்கும் வழி ஆறு. மாந்தர் ஒழுகும் நெறியும் ஆறு. நீர் எவரையும் கேட்டு ஓடுவதில்லை. தாழ்ந்த இடம் எதுவோ அதனை நாடி ஓடுகிறது. மக்கள் அமைக்கும் வழி அவ்வாறன்று. அஃது எங்கே தொடங்க வேண்டும், எவருடைய காலுக்கு இசைய வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பனவற்றை யாரோ ஒருவர் எண்ணித் தீர்மானிக்கிறார். எண்ணிச் செய்வதே கருமம் என்பது நம் தருமத்தின் கொள்கை. ஆகவே வழியமைத்தலும் ஒரு கருமமே. கருமமாயின் அதன்கண் நன்றும் தீதும் உண்டு.

மலைக்காட்டினுள் ஓர் ஓடைக்கரையை ஒட்டி, முதியவரும், குழந்தைகளும், கண்ணொளி இழந்தோரும், சக்கர நாற்காலியில் செல்வோரும் இடர்ப்பாடின்றிச் சென்று திரும்பத்தக்க எளிய நடைவழி ஒன்றை அமைத்தல் அறமா? அல்லது காட்டைக் காடாகவே விட்டு, வலிமை உள்ளோர் மட்டும் சென்று காணட்டும் என்றிருத்தல் அறமா? பார்வைக்குச் சிறிய வினாவே எனினும், இதனுள் மனிதருக்கு மனிதர் ஆற்ற வேண்டிய கடனும், மனிதர் பிற உயிர்களுக்கு ஆற்ற வேண்டிய கடனும் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. எனவே இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வரதய்யபாளையத்து மலைவழி

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கே சென்றால், தமிழ்நாட்டின் எல்லை கடந்ததும் தடா என்னும் ஊர் வரும். அங்கிருந்து மேற்கே காளத்தி செல்லும் சாலையில் வரதய்யபாளையம் இருக்கிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4ஆம் நாள் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லை நாடு இது. 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை இராச்சியத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே எல்லை திருத்தப்பட்டபோது, இவ்வெல்லை நாட்டின் ஊர்களில் சில இப்பக்கமும் சில அப்பக்கமும் சென்றன. ஆயினும் சந்தைக்கும் திருவிழாவுக்கும் மக்கள் நடந்த வழிகள் அக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை.

இவ்வூரை அடுத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளையொன்றில் கம்பாக்கம் காடு பரந்துள்ளது. அம்மலையிலிருந்து இறங்கும் ஓடை, பாறைகளிடையே பல மடுக்களாகத் தேங்கித் தேங்கி வருகிறது. மேலே உள்ள அருவிக்கு உப்பலமடுகு என்று பெயர். தடா அருவி என்றும் கம்பாக்கம் அருவி என்றும் அதனையே கூறுவர். தெலுங்கில் மடுகு என்பது நம் மடுவே. கோன என்பது மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு. சித்தர் பெயரால் இவ்விடம் சித்துலய்ய கோன என்றும் வழங்குகிறது. சிவராத்திரிக் காலத்தில் இங்குள்ள சிவன் கோயிலுக்கு ஊரார் திரளாகச் செல்வர். ஏனைய நாட்களில் வருவோரிற் பெரும்பாலோர் சென்னை நகரத்து இளைஞர்கள்.

காட்டின் வாயிலில் வனத்துறையின் காவல் உண்டு. அதனைக் கடந்த பின் வழியின் முற்பகுதி, ஓடையை ஒட்டியும் விலகியும், பெருமளவு மேடுபள்ளமின்றி மரநிழலில் செல்கிறது. பிற்பகுதியிலோ வழி என்று ஒன்றில்லை. உருண்ட பாறைகள் மீது தாவியும், நீரில் இறங்கியும், வழுக்கும் கற்களைப் பற்றியும் செல்லல் வேண்டும். மடுக்களின் ஆழம் அறியாது இறங்கி உயிர் துறந்தோர் உண்டு. அதனால் வனத்துறையினர் அவ்வப்போது வழியை மூடிவிடுவதும் உண்டு.

இத்தகைய இடங்களுக்குச் செல்லும் குடும்பங்களின் நிலையை நாம் அறிவோம். இளையோர் பாறைமேல் ஏறி மறைவர். பாட்டியும், கருவுற்ற மகளும், கோலூன்றி வந்த மாமனும் வண்டியின் அருகே சோற்று மூட்டைக்குக் காவலாக அமர்ந்திருப்பர். மாலையில் இளையோர் நனைந்த ஆடையுடன் திரும்பி, அருவியின் அழகை வருணிக்க, அமர்ந்திருந்தோர் கேட்டுக்கொள்வர். இதில் எவரும் எவர்க்கும் தீங்கு இழைத்ததாகத் தோன்றாது. ஆயினும் நீரின் ஓசையைக் காதாற் கேட்டும் அதன் கரையை அடையாமலே திரும்புவோர் ஒவ்வொரு நாளும் இருக்கிறார்கள்.

பாறையும் படியும்

இங்கே ஒருவர் இவ்வாறு வினவலாம்: பாறையை அங்கு வைத்தவர் யார்? இயற்கையன்றோ? சாதியின் பெயரால் ஒருவனைத் தெருவிலே தடுத்தால் அது மனிதர் செய்த அநீதி. முடவன் மலையேற முடியாமை எவரும் செய்த அநீதியன்று. இரண்டையும் ஒப்பிடுதல் தகுமோ?

வினா நேர்மையானது; ஆதலின் விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியன என நிலைநாட்டியதும், அதே ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் எழுந்ததும், 1927 மார்ச் 20ஆம் நாள் மகத் நகரில் டாக்டர் அம்பேத்கர் பொதுக் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகியதும் மனிதர் இட்ட தடையை எதிர்த்து நிகழ்ந்தவை. அத்தடையிற் பகை இருந்தது. பாறைக்குப் பகை இல்லை.

ஆயினும் சிந்தித்துப் பார்ப்போம். தீண்டப்படாத காட்டினுள், எவரும் எதுவும் செய்யாத இடத்தில், பாறை ஒருவரைத் தடுக்குமாயின் அது இயற்கை. ஆனால் மனிதர் அங்கே வாயில் வைத்து, கட்டணம் பெற்று, வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, யாவரும் வருக என அழைத்த பின்னர் நிலைமை வேறாகிவிடுகிறது. ஒரு மேட்டைக் கடக்கப் படி வைப்பதா, சரிவு வைப்பதா என்று அமைப்பவர் தேர்ந்தெடுக்கிறார். படி வைத்தால் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். சரிவு வைத்தால் அது மேலே செல்லும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயராத சரிவே அதற்கு ஏற்றது என்று கட்டட விதிகள் கூறுகின்றன. படி வைத்தவரிடம் பகை இல்லாதிருக்கலாம். ஆனால் தேர்வு இருந்தது. தேர்வு இருந்த இடத்தில் பொறுப்பும் இருக்கிறது. பாறை தடுத்தால் எவரையும் குறை கூற வழியில்லை. படி தடுத்தாலோ அதனை வைத்தவர் விடை கூறக் கடமைப்பட்டவராவார்.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி உடற்குறை அல்லது புலன்குறை உடையோர் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். இக்கணக்கில் வராத முதியோர், நோயுற்றெழுந்தோர், கைக்குழந்தையுடன் உள்ள தாய்மார் ஆகியோரையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடங்கள் இவர்களுக்கும் எட்டத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என விதித்தது. அதற்கான நெறிமுறைகள் வெறும் அறிவுரையாக நின்றுவிடாமல் கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் எழுதப்பட்டதாலேயே தெரு திறந்துவிடாது என்பதை நம் மக்கள் போல் அறிந்தோர் வேறு யார்? 1924இல் ஆணை பிறந்தது. அதற்குப் பின்னும் எத்தனை ஊர்களில் எத்தனை தெருக்கள் மூடியே கிடந்தன! எழுத்தில் உள்ள உரிமைக்கும் காலில் உள்ள உரிமைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தவர்கள் நாம். ஆகவே பிறருடைய காலுக்கு அத்தூரம் எவ்வளவு என்று கேட்கும் கடமை நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டு.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஷெனந்தோவா என்னும் மலைப் பூங்காவில் 1939இல் கருநிற மக்களுக்கென லூயிஸ் மலை என்னும் தனி இடம் ஒதுக்கப்பட்டது. 1950இல்தான் அப்பூங்காவில் அப்பிரிவினை முற்றும் நீங்கியது. அதே மலைத்தொடரின் தெற்கே உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் இன்று, சுகர்லேண்ட்ஸ் பள்ளத்தாக்கு என்னும் இடத்தில், ஆற்றங்கரையை ஒட்டி அரை மைல் நீளத்தில் சமமான தளமிட்ட நடைவழி ஒன்று உள்ளது. சக்கர நாற்காலியில் உள்ளோரும் கண்ணொளி இழந்தோரும் செல்லத்தக்கதாக அஃது அமைக்கப்பட்டது. பூங்கா ஏற்படுமுன் அங்கிருந்த வீடுகளின் புகைபோக்கிகள் இன்றும் அவ்வழியில் நிற்கின்றன. முதலில் நிறத்தின் பெயரால் இட்ட தடை நீங்கியது. பின்னர் உடலின் பெயரால் இருந்த தடை நீங்கத் தொடங்கியது. முன்னது நீங்கிய பின்னரே பின்னது கண்ணிற் படுகிறது போலும்!

எளிமை இழிவா?

இனி, வேறொரு வழக்கைக் கேட்போம். வருந்திப் பெறாத பொருளுக்கு மதிப்பில்லை. பாறை ஏறி வியர்த்தவனுக்கே அருவி இன்பம் தரும். வழியை எளிதாக்கினால் மலை மலையாகாது, பொழுதுபோக்குத் தோட்டமாகிவிடும் என்று கூறுவாருமுளர். இதனை வன்மையுள்ள இளைஞர் கூறின் ஒருவாறு பொறுக்கலாம். தவத்தின் பெயரால் கூறுவோரும் இருத்தலின், நம் பிடக நூல்கள் நடைவழி பற்றிக் கூறுவதை நோக்குதல் நலம்.

வைசாலியில் பிக்குகள் நல்லுணவு மிகுந்து உடல் நலிந்திருந்தபோது, மருத்துவர் சீவகர் பகவானிடம் சென்று, நடைபயில ஓரிடம் வேண்டும் என விண்ணப்பித்தார். பகவான் இசைந்தார். அதுவே சங்கமணம் எனப்படும் நடைமேடை. மேடுபள்ளமான நிலத்தில் நடந்து பிக்குகளின் பாதம் புண்பட்டபோது, நிலத்தைச் சமமாக்க அனுமதி அளித்தார். தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கியபோது, மேடையை உயர்த்த அனுமதி அளித்தார். கரை சரிந்தபோது செங்கல்லாலோ கல்லாலோ மரத்தாலோ அணைகட்டச் சொன்னார். நடப்போர் விளிம்பிலிருந்து விழுந்தபோது கைப்பிடி வேலி அமைக்க இசைந்தார். விநய நூலில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இவ்விதிகளை இன்று படிப்போர், ஒரு நல்ல பொறியாளரின் குறிப்பேட்டைப் படிப்பது போல உணர்வர். எங்கும் பாதம் புண்படுவதே தவம் என்று பகவான் கூறவில்லை. எவருக்கு எங்கே இடர் நேர்ந்ததோ அங்கே அவ்விடரை நீக்கினார்.

சோணர் என்னும் பிக்குவின் வரலாறு இதனினும் தெளிவானது. செல்வத்தில் மென்மையாக வளர்ந்த அவர், துறவு பூண்டபின் முயற்சி மிகுதியால் நடந்து நடந்து பாதம் கிழிந்து, நடைமேடை முழுதும் குருதியால் நனைந்தது. வீணையின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை தராது என்று பகவான் அவருக்கு உணர்த்தியதை யாவரும் அறிவர். அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. மென்பாதம் உடைய சோணருக்கு மட்டும் காலணி அணியப் பகவான் அனுமதி தந்தார். சோணர் அதனை ஏற்கவில்லை. சங்கத்தார் அனைவர்க்கும் அனுமதி கிடைக்குமாயின் தாமும் அணிவதாகவும், தமக்கு மட்டும் எனில் வேண்டாம் எனவும் கூறினார். பகவான் அனைவர்க்கும் அனுமதி அளித்தார்.

இதனுள் பொதுவாழ்வுக்கு இன்றியமையாத ஒரு நீதி இருக்கிறது. வலியற்ற ஒருவருக்கென ஏற்பட்ட வசதி, தனிச் சலுகையாக நின்றால் அவரை நாணச் செய்யும். யாவர்க்கும் பொதுவாகிவிட்டால் அவரைச் சங்கத்தில் ஒருவராக்கும். ஓடைக்கரையில் சமமான வழி ஒன்று இருக்குமாயின், சக்கர நாற்காலியில் செல்பவர் மட்டுமா அதனிற் செல்வார்? பிள்ளையை இடுப்பில் ஏந்திய தாயும், முழங்கால் வலியுள்ள தந்தையும், நடை பயிலும் குழந்தையும், ஓடி ஆடும் இளைஞனும் அதே வழியில் செல்வர். வியர்க்க விரும்புவோனுக்கு மேலே பாறைகள் இருக்கவே இருக்கின்றன. அவனுடைய மலையை எவரும் பறிக்கவில்லை. அடிவாரத்தில் உள்ளோர்க்கு ஓடையின் ஒரு பகுதியையேனும் கொடுப்பதால் அவன் இழப்பது யாது?

சிற்றுயிர்களின் வழக்கு

மூன்றாவது வழக்கே வலிமையுடையது. அது மனிதர் தொடுக்கும் வழக்கன்று. பேச வாயற்ற உயிர்களின் வழக்கு. வழி எளிதானால் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் குப்பை பெருகும், புட்டிகள் உடையும், நெருப்பு மூட்டப்படும், கூச்சலால் பறவை கூட்டைவிட்டு அகலும். இவை நாம் புனைந்து கூறுவன அல்ல. நகரத்தை அடுத்த அருவி எதனைப் பார்ப்பினும் காணத்தக்கன. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காடு மனிதரால் துன்புறுவது போலவே மனிதரும் காட்டில் துன்புறுவர் என்பதற்கு அஃது ஒரு கொடிய சான்று. அதற்குப் பின்னரே தமிழ்நாட்டரசு மலைநடைக்கென விதிகள் வகுத்து, வழிகளை எளியன, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரித்தது.

இவ்வழக்குக்கு விடை காண, சக்குபாலத் தேரரின் வரலாற்றை நினைவு கூர்வோம். அவர் இரு கண்ணும் இழந்த அருகர். இளம் துறவி ஒருவர் கோலின் முனையைப் பற்றி அவரைக் காட்டுவழியே அழைத்து வந்தார். இடையில் அவ்விளைஞர் ஒழுக்கம் தவறவே, தேரர் அவருடைய துணையை மறுத்துவிட்டார். கண்ணற்றவர் தனித்து நின்ற அவ்விடத்தில் சக்கனே வழிப்போக்கனாக வந்து கோல் பற்றி நடத்தினான் என்பர். அவர் சேதவனத்தில் தங்கியிருந்த ஓர் இரவில் மழை பெய்தது. மழைக்குப் பின் இந்திரகோபம் எனப்படும் செந்நிறப் பூச்சிகள் நடைமேடை மீது ஊர்ந்தன. நம் ஊர்களில் தம்பலப்பூச்சி என்று குழந்தைகள் உள்ளங்கையில் ஏந்தி மகிழ்வது இதுவே. விடியலில் தேரர் நடந்தார். பூச்சிகள் பல மிதிபட்டு இறந்தன. பிற பிக்குகள் இதனைப் பகவானிடம் குற்றமாகக் கூறினர். அவர் கொன்றதை நீங்கள் கண்டீர்களா என்று பகவான் வினவினார். காணவில்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதது போலவே அவரும் அப்பூச்சிகளைக் காணவில்லை. கொல்லும் எண்ணம் அவர்பால் இல்லை என்று விளக்கினார்.

எண்ணமே கருமம் என்பதற்கு இவ்வரலாறு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். ஆயின் அதனுள் இன்னொரு செய்தியும் உண்டு. தேரரின் மாணாக்கர் அன்று விடியலில் நடைமேடையைப் பெருக்கவில்லை என்று உரைநூல் குறிக்கிறது. கண்ணற்றவர் நடந்தது குற்றமன்று. கண்ணுள்ளவர் பெருக்காது விட்டதே அங்கு நிகழ்ந்த குறை. சக்குபாலருக்குக் கிடைத்த விடுதலை நமக்குக் கிடைக்காது; ஏனெனில் நாம் காண்கிறோம். வழியமைப்போரும், அதனைக் காப்போரும், அதன் வழியே பிறரை அழைத்துச் செல்வோரும் கண்ணுடையோர். எவ்வுயிர் எப்பருவத்தில் எங்கே ஊர்கிறது என்று அறியத்தக்கவர். அறியத்தக்கதை அறியாதிருந்துவிட்டு, எமக்குத் தீய எண்ணம் இல்லை என்று கூறுதல் செல்லாது.

இதற்குத் தீர்வு கண்ணற்றவரை நடைமேடையினின்று இறக்கிவிடுவதா? பகவான் அவ்வாறு செய்யவில்லை. வழியைப் பெருக்குவதும் பருவம் அறிந்து அடங்குவதுமே தீர்வு. மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராகத் திரிந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் முறையிட்டபோது, பகவான் மழைக்கால உறைவை விதித்தார். நடத்தலை அவர் விலக்கவில்லை. நடத்தலுக்குக் காலம் வகுத்தார். ஓடைக்கரை வழிக்கும் இதுவே நெறியாகும்.

செம்மையாக அமைந்த ஒரே வழி, உயிர்களுக்கு நன்மையும் செய்யும் என்பதை மறத்தலாகாது. வழி இல்லாத காட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் புகுந்து நூறு தடங்களை உண்டாக்குகின்றனர். கரை முழுதும் மிதிபட்டு மண் சரிந்து ஓடையிற் கலக்கிறது. எல்லை தெரிந்த வழி ஒன்றிருந்தால் பாதங்கள் அதனுள் அடங்கும். இருபுறமும் புதர் தழைக்கும்.

செய்யத்தக்கது யாது?

மச்சல கிராமத்து மகமாணவன் கதையை நம் பிள்ளைகளும் அறிவர். தான் நிற்கும் இடத்தைக் காலால் துப்புரவு செய்தான். மற்றொருவன் வந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ள, சினவாது வேறோரிடத்தைத் துப்புரவு செய்தான். இவ்வாறு தொடங்கியவன், தோழர்களைச் சேர்த்துக்கொண்டு வழிகளைச் சமமாக்கினான், வண்டி அச்சில் இடிக்கும் மரங்களை அகற்றினான், பாலம் கட்டினான், குளம் தோண்டினான், வழிப்போக்கர் தங்க மண்டபம் எழுப்பினான். ஊர்த்தலைவனோ, மக்கள் குடித்துச் சண்டையிட்டுத் தண்டம் கட்டிய காலத்தில் தனக்கு வந்த வருவாய் போயிற்றே எனச் சினந்து, இவர்களைக் கள்வர் என்று அரசனிடம் கோள் சொன்னான். வழியமைத்தல் யாவர்க்கும் இனிக்கும் செயலன்று என்பதும், வழி கெட்டுக் கிடப்பதால் ஊதியம் பெறுவோரும் உண்டு என்பதும் இக்கதையால் விளங்கும்.

அசோகப் பேரரசர் வழிகளில் ஆலமரம் நட்டார், கிணறு தோண்டினார், தங்குமிடம் அமைத்தார். இவற்றை மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் என்றே கல்லில் எழுதுவித்தார். இத்தகைய வசதிகளை முன்னைய அரசரும் செய்தனர் என்று ஒப்புக்கொண்டு, தாம் செய்தது மக்கள் தருமத்தைப் பின்பற்றும் பொருட்டே என வேற்றுமை காட்டினார். இவ்வேற்றுமையே நமக்கும் அளவுகோல். வருவாய் பெருக்கக் கூட்டத்தை இழுக்கும் வழி வேறு. ஒருவரையும் புறத்தே நிறுத்தாத வழி வேறு.

இவ்வளவுகோலின்படி உப்பலமடுகில் செய்யத்தக்கது யாது? அருவி வரை சிமெண்டுப் பாதை போடுதல் வேண்டா. பாறைகள் தொடங்கும் இடத்தில் எளிய வழி நின்றுவிடட்டும். முற்பகுதியிலுள்ள சமநிலத்தில், இறுகக் கெட்டித்த மண்ணாலும் உள்ளூர்க் கல்லாலும், இரு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கத்தக்க அகலத்தில், சிறிது தூரமேனும் ஓடையை ஒட்டிய நடைவழி அமையட்டும். நீர்ப்புறத்தில் கைப்பிடியும், கண்ணொளி இழந்தோர் தொட்டறிந்து செல்லக் கயிறும், களைத்தோர் அமர மரநிழலில் இருக்கைகளும் இருத்தல் வேண்டும். கையை நீட்டி நீரைத் தொடத்தக்க ஆழமற்ற துறை ஒன்றேனும் வேண்டும். ஆழமான மடுக்களின் அருகே செல்ல வழியே இருத்தலாகாது. ஐப்பசி கார்த்திகைப் பெருமழையிலும், காட்டுத்தீ அஞ்சத்தக்க கோடையிலும் வழியை மூடிவிடுதல் வேண்டும். மூடியிருக்கும் செய்தி புறப்படும் முன்னரே மக்களுக்குத் தெரிதல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது காவல். 2022 நவம்பரில் சென்னை மெரினாக் கடற்கரையில், சக்கர நாற்காலியில் உள்ளோர் அலையின் அருகே செல்ல மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் சென்னையில் இருந்தும் கடலை அருகிற் காணாத சிலர் அன்று கண்டனர். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அப்பாதை சிதைந்தது, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. அமைத்தது ஓர் அறமாயின், சிதைந்தபின் மீண்டும் அமைத்தது அதனினும் பெரிய அறம். பெருக்காத நடைமேடையால் நேர்ந்ததைச் சக்குபாலர் வரலாற்றில் கண்டோம். திறப்பு விழாவுக்கு வருவோர் பலர். நாள்தோறும் துடைப்பம் எடுப்போர் சிலர். அச்சிலருக்கு முறையான ஊதியமும் மதிப்பும் தருதல் வேண்டும். துப்புரவுத் தொழிலை ஒரு குலத்தின் தலையிற் சுமத்தி இழிவு செய்த நாட்டில் இதனை எத்தனை முறை கூறினும் தகும்.

இம்மலைப் பக்கங்களில் யானாதியரும் இருளரும் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். மழையின் குறிகளையும் பாம்பின் தடத்தையும் படிக்க அறிந்தவர் அவர். புதிய வழி அவர்களுடைய பழைய வழியை அடைத்துவிடலாகாது. வழியமைப்பிலும் காவலிலும் வழிகாட்டலிலும் அவர்கள் முதலிடம் பெறுதல் வேண்டும். ஒருவர்க்கு வழி திறப்பதாகக் கூறி மற்றொருவர் வழியை மூடுவது, பழைய அநீதியைப் புதிய பெயரால் செய்வதாகும்.

அன்பர்காள், நம் சங்கங்களிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் மலைக்கும் அருவிக்கும் உலாப் போவதுண்டு. அடுத்த உலாவுக்கு இடம் குறிக்கும்போது, நம்முள் எவரெவர் வர இயலாது பின்தங்குவர் என்று முதலில் கேளுங்கள். அவர்களும் வரத்தக்க இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அத்தகைய இடம் இல்லையெனில், வேண்டுவது இன்னதென்று வனத்துறையினருக்கும் மாவட்ட ஆட்சியாளருக்கும் எழுதுங்கள். சென்ற இடத்தில் ஒரு புட்டியையும் விட்டு வராதீர்கள். பிறர் விட்டதில் ஒன்றையேனும் எடுத்து வாருங்கள். மழை பெய்த மறுநாளாயின் அடி வைக்குமுன் நிலத்தைப் பாருங்கள். செந்நிறத்தில் சிறிதாக ஏதேனும் ஊர்ந்துகொண்டிருக்கக் கூடும்.